மகளை இழந்த மாநாய்கன் ஏன் ஆசீவகரிடம் போனான்?

உமையாள், காரைக்குடி

சிலப்பதிகாரம் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போய்விடும் ஓர் இடம் நீர்ப்படைக் காதையில் இருக்கிறது. கங்கைக் கரையில் செங்குட்டுவனிடம் மாடல மறையோன் புகாரில் நடந்ததைச் சொல்கிறான். மதுரைச் செய்தி கேட்டு இரண்டு தாய்மாரும் உயிர் விட்டார்கள். கோவலனின் தந்தை தன் பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்த விகாரத்துக்குள் போனான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகர் முன் தானம் கொடுத்து அறம் கொண்டான். சில வரிகள்தான். காப்பியம் மேலே நடந்துவிடுகிறது, எனக்குத்தான் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

ஆசீவகம் மற்கலி கோசாலரின் வழி. அவர் புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவர். நடப்பதெல்லாம் நியதிப்படி நடக்கிறது, மனித முயற்சியால் அதை இம்மியும் நகர்த்த முடியாது என்பது அந்தச் சமயத்தின் நடுப்புள்ளி. மகள் அரசவையில் நின்று 'தேரா மன்னா' என்று கேட்டவள். அவளைப் பெற்றவன் எதையும் கேட்க இடமில்லாத சமயத்தில் போய் ஒதுங்குகிறான். இது ஆறுதலா, மகளுக்கு இழைத்த இரண்டாவது அநியாயமா?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. என் மூத்த ஆச்சியை (எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்போம்) கட்டிக்கொடுத்த இடத்தில் சில வருடங்களிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுத்த சாமான் எதுவும் கூட வரவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். 'இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்று எழுந்துவிட்டார்கள். அப்பச்சி, எங்கள் அப்பா, 'எழுதியபடிதான் நடக்கும்' என்று சொன்னார், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சி கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சாமான்களை எழுதிய சிட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. கணக்குப்பிள்ளையின் சாய்ந்த கையெழுத்து. வைரத்தோட்டுக் கல்லின் எடை, வெள்ளிக் கும்பா, பித்தளை அண்டா, பாய், தலையணை வரைக்கும் ஒன்று விடாமல் வரிவரியாக. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆச்சி பென்சிலால் 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு குத்துவிளக்குக்கு எதிரே மட்டும் 'வந்தது', அதன் கீழே 'திரி இல்லாமல்'.

மாநாய்கன் பேசுவதாக நான் எழுதிய கவிதை இது. படித்துவிட்டு உங்கள் மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

கப்பல் எண்ணிய விரல்களால்
காலத்தை எண்ணத் தெரியவில்லை.
பன்னிரண்டு வயதில் கட்டிக்கொடுத்தேன்.
சிலம்பு உடைந்த செய்தி
ஊருக்கெல்லாம் தெரிந்தபின்
என் திண்ணைக்கு வந்தது.
அவள் கேட்டாள், அரசன் விழுந்தான்.
நான் யாரைக் கேட்பது?
அடிகளே,
நடப்பதெல்லாம் நடக்கவேண்டியதென்றால்
என் மகள் கேட்ட கேள்வியும்
நடக்கவேண்டியதுதானே?

பூங்குன்றத்தான், மகிபாலன்பட்டி

ஆச்சி, வணக்கம். கவிதையைப் பிறகு பேசுகிறேன். முதலில் ஆசீவகத்துக்காகக் கொஞ்சம் வாதாட விடுங்கள்.

அவர்களுடைய நூல் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. மணிமேகலையில் சமயக்கணக்கர் வாதம், நீலகேசியில் ஒரு சருக்கம், சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்று தமிழில் கிடைப்பதெல்லாம் மறுக்க வந்தவர்கள் எழுதிவைத்தவை. எதிர்த்தரப்பு வக்கீலின் குறிப்பை மட்டும் வைத்து ஒருவனுக்குத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இதை வைத்து அவர்களைக் கல்நெஞ்சர் என்பது. உயிர்கள் கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு வரை ஆறு நிறங்களில் ஏறிப்போய் வீடு அடையும் என்று நம்பியவர்கள் அவர்கள். யாரும் வழியில் விடுபட்டுப்போவதில்லை. மகளை இழந்த தகப்பனுக்கு அது சின்ன விஷயமா?

எங்கள் ஊரின் பழைய பெயர் பூங்குன்றம் என்பது உங்களுக்குத் தெரியும். கணியன் பூங்குன்றனார் ஆசீவகர் என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அது அனுமானம்தான், ஆனால் காரணம் உண்டு. புறநானூறு 192இல் உயிர் 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' முறைவழி போகும் என்பதைத் 'திறவோர் காட்சியில் தெளிந்தனம்' என்கிறார். அந்தத் திறவோர் யார் என்பதில்தான் வழக்கு. அதிலிருந்து அவர் எங்கே போய்ச் சேருகிறார் என்று பாருங்கள்: ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை. நியதியை ஒப்புக்கொண்டவன் அரசன் முன் குனிய வேண்டியதில்லை. உயர்ந்தவன் தன் திறமையால் உயரவில்லை, தாழ்ந்தவன் தன் குற்றத்தால் தாழவில்லை. நீதிக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரியவில்லை.

உமையாள்

அண்ணன், அந்தப் பாட்டின் இரண்டாவது அடியை விட்டுவிட்டீர்களே. 'தீதும் நன்றும் பிறர்தர வாரா.' தோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டவர்கள் 'பிறர்' இல்லையா? என் ஆச்சியின் முன் நின்று அந்த வரியைச் சொல்ல எனக்கு வாய் வராது. கொலையுண்ட கணவனின் தலைமாட்டில் நிற்கும் கண்ணகியிடம் யாரால் சொல்ல முடியும்? பாண்டியன் 'யானே கள்வன்' என்று சொன்னது பிறர் தந்த தீமையை ஒருவன் தன் வாயால் ஒப்புக்கொண்ட இடம். அதற்காகத்தான் அவன்மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. எங்கள் பெரியவர்கள் யாரும் அந்த இரண்டு சொல்லைச் சொல்லவில்லை.

வழிப்போக்கன், திருப்பத்தூர்

ஆசீவகம் ஏதோ அழிந்துபோனது போலப் பேசுகிறீர்கள். பேராசிரியர் க. நெடுஞ்செழியன் ஐயனாரையே ஆசீவகத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறார். நம் பக்கம் புரவி எடுக்கும்போது வேளார் வீட்டிலிருந்து மண் குதிரையைத் தோளில் சுமந்து போகிறோமே, அது யார் கொடுத்த வழிபாடு என்று ஒருமுறை யோசியுங்கள். நீதி என்றால் எங்களுக்கு ஐயனாரும் கருப்பரும்தான். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பர் முன் நின்று பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது. உங்கள் வீட்டுப் பெரியவர்களை அங்கே கூட்டிப்போயிருக்க வேண்டும் ஆச்சி.

பூங்குன்றத்தான்

தம்பி, நெடுஞ்செழியன் ஐயாவின் உழைப்பு பெரியது. ஆனால் ஐயனார் பற்றிய அந்த முடிவை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. குதிரைக்கும் மற்கலிக்கும் நடுவே இன்னும் பல படிகள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஆசீவகர் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்கள்மேல் போட்ட வரி சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வருகிறது.

ஆச்சி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பூங்குன்றனாருக்கு இன்னொரு பாட்டு உண்டு, நற்றிணை 226. அது காதல் பாட்டு, பிரிவில் ஒரு பெண் பேசுவது. 'மரம் சா மருந்தும் கொள்ளார் மாந்தர்' என்று தொடங்குகிறாள். மருந்துக்காக மரத்தையே சாகடித்து எடுக்கமாட்டார்கள் மனிதர்கள். குடிகளின் வளம் கெடும்படி பொன் கொள்ளமாட்டார்கள் மன்னர்கள். அவர் இருப்பதால்தான் நாம் இருக்கிறோம், அது தெரிந்தும் பொருளுக்காகப் பிரிந்து போய்விட்டாரே என்பது அவள் வருத்தம். புணையாய் மிதக்கும் உயிரைப் பாடிய அதே கவிஞர்தான் 'இவ்வளவுக்குமேல் எடுக்கக்கூடாது' என்று ஒரு பெண்ணின் வாயால் அளவு வைக்கிறார். விதியை நம்பியவர், ஆனால் எடுத்தவனை விட்டுவிடவில்லை. உங்கள் ஆச்சி பென்சிலால் எழுதியதும் இந்த வகைப் பாட்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூடவே ஒன்று. இதே மகிபாலன்பட்டியில் 1881இல் பிறந்த பண்டிதமணி கதிரேசன் செட்டியார்தான் மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். அதிலும் நகை சாட்சியாகிறது, குற்றமற்றவன் கொலைக்களம் வரை போகிறான். அங்கே கடைசி நேரத்தில் உண்மை வந்து சேர்ந்துவிடுகிறது. கோவலனுக்கு வந்து சேரவில்லை.

மீனா, கண்டனூர்

ஆச்சி, நான் உங்களைவிடச் சின்னவள், இலக்கணம் அதிகம் தெரியாது. சிட்டையைப் பற்றிப் படித்ததும் எங்கள் படைப்பு வீடு நினைவுக்கு வந்தது, அதனால் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் பல குடும்பங்கள் இறந்துபோன முன்னோரைத் தெய்வமாக வைத்துப் படைக்கும். எங்கள் வீட்டில் படைப்பது வாழ வேண்டிய வயதில் போய்விட்ட ஒரு பெண்ணுக்கு. ஓலைப்பெட்டியில் அவள் சேலை இருக்கிறது. படைப்பன்று பெட்டியைத் திறந்து புதுச் சேலை வைப்போம். பங்காளிகள் அத்தனை பேரும் வந்து நிற்க வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாதவர்களும். அவளுக்கு என்ன நடந்தது என்று அப்பத்தா முழுதாகச் சொன்னதில்லை. 'நாம் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறோம்' என்று மட்டும் சொல்வார்கள். விதி என்று விட்டிருந்தால் இத்தனை தலைமுறை யாரும் சேலை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள் இல்லையா? எங்கள் வீட்டில் கடனை எழுதிவைக்கவில்லை, ஆனால் யாரும் மறக்கவும் இல்லை.

கவிதை பற்றி ஒன்று. 'நான் யாரைக் கேட்பது?' என்ற இடத்திலேயே நிறுத்தியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். அதற்குப் பிறகு வாதம் செய்வது போல ஆகிவிட்டது. தவறாக நினைக்காதீர்கள்.

உமையாள்

மீனா, தவறாக நினைக்க ஒன்றும் இல்லை, நன்றாகச் சொன்னாய். ஆனாலும் அந்த நான்கு வரியை நான் எடுக்கமாட்டேன். 'யாரைக் கேட்பது' என்று முடித்தால் அது அப்பச்சியின் கவிதை ஆகிவிடும். அப்பச்சியை நான் நேசித்தேன். மகளைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் விதிக்குப் பின்னால் போய் நின்ற மனிதர் அவர். மாநாய்கனையும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன், இப்போது அவன்மேல் எனக்குக் கோபம் குறைந்திருக்கிறது. ஆனால் ஆச்சி கேட்டது நிற்க வேண்டும். எல்லாம் நியதி என்றால் அவள் பென்சிலும் நியதிதான், அவளைப் பார்த்து 'அடங்கிப் போ' என்று சொல்ல அந்தச் சமயத்துக்கும் உரிமை இல்லை.

அண்ணன், நற்றிணைப் பாட்டை நான் பள்ளிக்கூடத்தில் நடத்தியிருக்கிறேன். பூங்குன்றனாரின் இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் எனக்குக் காட்டியதில்லை. பண்டிதமணியின் நாடகத்தை எடுத்து வாசிக்கப்போகிறேன்.

மீனா, உங்கள் வீட்டில் படைப்பை எப்படித் தொடங்கினார்கள், யார் பெயர் சொல்லி முதலில் இலை போட்டார்கள் என்று அப்பத்தாவிடம் கேட்டு எழுது. ஆச்சிக்குப் பிள்ளை இல்லை. தம்பி மக்கள்தான் செய்ய வேண்டும், அவர்களிடம் தை மாதத்துக்குள் பேசிவிட வேண்டும்.