நல்லதுக்குச் சொல்லும் பொய்: தப்பா, இல்லையா?

ஆந்தைக்கண்:

வேறொரு இழையில் ஒருவர், "யாருக்கும் நட்டமில்லாத பொய்யைச் சொன்னால் என்ன தப்பு?" என்று கேட்டிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கே எழுதினால் பேச்சு திசைமாறும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

நட்டம் வருகிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. நான் உங்களிடம் பொய் சொல்லும்போது உங்களை என்ன செய்கிறேன் என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் எடுக்கவேண்டிய முடிவை உங்களைக் கேட்காமல் நானே எடுத்துவிடுகிறேன். உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் உதறிவிடுவீர்கள். பொய்யில் இழுபடுகிறோம் என்பதே தெரியாது, அப்புறம் எங்கே உதறுவது?

கொலைகாரன் கதவைத் தட்டி "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் இம்மானுவேல் கான்ட் எழுதினார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் பொய்யை நியாயப்படுத்த வருகிற எல்லாரும் அந்தக் கொலைகாரனையே கூட்டிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் வீட்டுக் கதவை இதுவரை எத்தனை கொலைகாரர்கள் தட்டியிருக்கிறார்கள்?

சாய்வுநாற்காலி:

தம்பி, கான்ட் வரைக்கும் போவானேன்? வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, யாருக்கும் எந்தத் தீமையும் தராத சொல்லைத்தான் வாய்மை என்கிறார். அடுத்த குறளில் இன்னும் ஒரு படி மேலே போய், "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்கிறார். பொய்யை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் மாமனாருக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. மருத்துவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, முற்றிவிட்டது என்றார். அவரிடம் "ஈரல் வீக்கம், மாத்திரையில் வடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டோம். பேரப்பிள்ளைகளோடு சதுரங்கம் ஆடிக்கொண்டு, செய்தித்தாள் படித்துக்கொண்டு, கடைசி வாரம் வரை அவர் அவராகவே இருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மாதங்களை அழுதே கழித்திருப்பார். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

ஆந்தைக்கண்:

ஐயா, உங்கள் வருத்தத்தைக் கிளற விரும்பவில்லை. நீங்களே எடுத்துச் சொன்னதால் கேட்கிறேன். அந்தக் குறளை வைத்துக்கொண்டாலும், நன்மைதான் பயந்தது என்று தீர்ப்புச் சொன்னது யார்? பொய்யைச் சொன்னவரே நீதிபதியாகவும் உட்கார்ந்திருக்கிறார். அழுதே கழித்திருப்பார் என்கிறீர்கள். ஒரு வாரம் அழுதுவிட்டு, நான்காவது பேரனுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கலாம். தெரியாதே.

வழிப்போக்கன்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். குளியலறையில் நின்றுகொண்டு "கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்று போனில் சொல்கிறவர்கள் எந்தக் கணக்கு?

ஆந்தைக்கண்:

அதை இந்த உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. கேட்கிறவரும் அப்போதுதான் துண்டைத் தேடுகிறார். ஏமாறுகிறவர் இல்லாத இடத்தில் என் வாதம் செல்லாது.

இரவுப்பணி:

புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சாய்வுநாற்காலி ஐயா சொன்ன நிலைமை எனக்கு வாரத்துக்கு ஒருமுறை வரும். பலரைச் சேர்த்து ஒருவராக எழுதுகிறேன், அவர் யாரென்று யாரும் தேடவேண்டாம்.

மகள் அறைக்கு வெளியே நின்று அழுவார். முகத்தைக் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்கமாட்டார்" என்று கையைப் பிடித்துக் கேட்பார். உள்ளே போனதும் குரலே மாறிவிடும். "என்னப்பா, இன்னிக்கு முகம் தெளிவா இருக்கே!" அவரும் சிரிப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு நான் சொட்டு மருந்தை மாற்றப் போனால் விழித்துக்கொண்டிருப்பார். "இது எந்த வார்டுன்னு எனக்குத் தெரியும்மா. வாசல்லயே எழுதியிருக்கு. பொண்ணுகிட்ட சொல்லிடாதே, அவ தாங்கமாட்டா" என்பார்.

இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். நடுவில் நான் ஒன்றும் தெரியாதவள் போல நின்றுகொண்டிருப்பேன்.

இது புதிதும் இல்லை. கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் மருத்துவமனைகளில் சாகக்கிடந்தவர்களைச் சுற்றி நடப்பதைக் கவனித்து 1965-ல் ஒரு நூல் எழுதினார்கள். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாத மாதிரி எல்லாரும் நடிப்பார்கள் என்ற நிலையை அதில் தனியாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த நடிப்பில் என்ன கெடுகிறது என்று கேட்டால், பேச்சு கெடுகிறது. தம்பியோடு சண்டை போட்டுப் பல வருடம் ஆகியிருக்கும், அவரை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று தோன்றும். எப்படிச் சொல்வது? "திடீர்னு ஏன் சித்தப்பாவைக் கேக்கறீங்க?" என்று மகள் கேட்டால் எல்லாம் வெளிவந்துவிடுமே. பணம் எங்கே இருக்கிறது, யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பதையெல்லாம் எங்களைப் போன்ற மூன்றாம் மனிதர்களிடம் சொல்லிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஆந்தைக்கண் சொல்வதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, எதுன்னாலும் என் பையன்கிட்ட பேசிக்கோங்க" என்று தெளிவாகச் சொல்லும் நோயாளிகளும் உண்டு. அவர்கள் மேல் உண்மையைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் அவர்கள் முடிவைப் பிடுங்குவதுதான்.

சாய்வுநாற்காலி:

நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. என் மாமனார் கேட்கவில்லை. மருத்துவர் தினமும் வந்தார், நாங்கள் இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்தில் இருந்தோம், ஒருநாள்கூட வாய்திறந்து "எனக்கு என்ன?" என்று கேட்கவில்லை. கேட்காதவர் தெரிந்துகொள்ள விரும்பாதவர் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இரவுப்பணி:

என் அனுபவத்தில் கேட்காதவர்கள் இரண்டு வகை, ஐயா. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைப்பவர்கள், ஏற்கெனவே தெரிந்தவர்கள். பார்ப்பதற்கு இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

வழிப்போக்கன்:

ஈரல் வீக்கம் என்பது முழுப் பொய்கூட இல்லையே! வீக்கமும் இருந்திருக்கும். "அசுவத்தாமன் இறந்தான்" என்பதைச் சத்தமாகவும் "யானை" என்பதை வாய்க்குள்ளும் சொன்ன தருமன் வழி இது. அதுவரை தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவன் தேர் அந்தச் சொல்லோடு மண்ணில் இறங்கிவிட்டது. கதை சொன்னவர் சொல்லை எடைபோடவில்லை, துரோணர் என்ன நம்பினார் என்பதைத்தான் எடைபோட்டிருக்கிறார்.

எண்சுவடி:

கொஞ்சம் எண்களும் வரட்டும்.

1961-ல் அமெரிக்க மருத்துவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். அதே மாதிரிக் கேள்வியை 1979-ல் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்லிவிடுவோம் என்றார்கள். இடையில் 18 வருடம்தான். சிகிச்சை முன்னேறியது, நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்ற எண்ணமும் வலுத்தது. "சொன்னால் தாங்கமாட்டார்" என்பது இயற்கை விதி இல்லை, ஒரு காலத்துப் பழக்கம் என்றுதான் இதைப் படிக்கிறேன்.

மருந்தே இல்லாத மாத்திரையை மருந்து என்று சொல்லிக் கொடுப்பதையும் நல்ல பொய் என்பார்கள். 2010-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களிடம் "இதில் மருந்து எதுவும் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்துப் பார்த்தார்கள். 59 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் கிடைத்தது என்றார்கள். எந்த மாத்திரையும் தராத பிரிவில் அது 35. சிறிய ஆய்வுதான், 80 பேர். ஆனாலும் பொய் இல்லாமல் வேலை நடக்காது என்பதை நாம் சோதித்துப் பார்க்காமலே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அரைமணி:

எல்லாரும் சாவைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் பல் தேய்ப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

என் பையன் "தேய்ச்சாச்சு" என்பான். பிரஷைத் தொட்டால் காய்ந்திருக்கும். திட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து பிரஷ் ஈரமாக இருந்தது. வாயை ஊதச் சொன்னேன். பற்பசையை விரலால் நாக்கில் தடவிக்கொள்ள ஆரம்பித்தான். அந்த வேலைக்குப் பல்லையே தேய்த்திருக்கலாம்!

மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2011-ல் வந்தது. ஒன்றில் அடி உண்டு, மற்றதில் இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான குழந்தைகள் பார்த்துவிட்டார்கள். அடி விழும் பள்ளிக் குழந்தைகளில்தான் பொய் சொன்னவர்கள் அதிகம், பிடிபடாமல் சொல்வதிலும் அவர்களே கெட்டி. வீட்டில் பொய்யே கூடாது என்று உறுமுகிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் படிக்கவேண்டும். ஆந்தைக்கண், உங்களைச் சொல்லவில்லை.

ஆந்தைக்கண்:

என்னைத்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. பொய் தவறு என்பதும் பொய்க்கு அடிக்கவேண்டும் என்பதும் வேறுவேறு. இரண்டாவதை நான் எங்கும் எழுதவில்லை.

எண்சுவடி:

பொய் சொல்கிறவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றியும் ஒரு ஆய்வு இருக்கிறது, 2016-ல் லண்டனில் நடந்தது. கண்ணாடிச் சாடியில் எவ்வளவு சில்லறை இருக்கிறது என்று ஒருவர் மற்றவருக்கு ஆலோசனை சொல்லவேண்டும். பொய்யாகச் சொன்னால் தனக்கு லாபம் என்று அமைத்தபோது, சொல்லச் சொல்லப் பொய்யின் அளவு கூடிக்கொண்டே போனது. உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு அதோடு குறைந்துகொண்டே வந்தது. முதல் பொய்க்கு இருக்கிற கூச்சம் பத்தாவது பொய்க்கு இருப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தனக்கு நட்டம், எதிராளிக்கு மட்டுமே லாபம் என்று அமைத்தபோதும் ஆட்கள் பொய் சொன்னார்கள். ஆனால் அந்தப் பொய் வளரவில்லை, இருந்த அளவிலேயே நின்றது.

சாய்வுநாற்காலி:

இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்! அடுத்தவருக்காகச் சொல்வது வேறு, தனக்காகச் சொல்வது வேறு. மூளையே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆந்தைக்கண்:

சோதனைச்சாலையில் லாபத்தைத் துல்லியமாகப் பிரித்துவிடலாம், ஐயா. வீட்டில் எப்படிப் பிரிப்பீர்கள்? மாமனாரிடம் சொல்லாததால் அவருக்கு நிம்மதி என்கிறீர்கள், சரி. அவர் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல்வதிலிருந்தும், சொன்னபிறகு அவர் முகத்தைப் பார்ப்பதிலிருந்தும் வீட்டில் எல்லாரும் தப்பினார்கள், இல்லையா? அடுத்தவர் நன்மைக்கு என்று சொல்லப்படும் பொய்களில் பாதிக்குமேல் இப்படி நமக்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் சந்தேகம். அந்தப் பங்கை யாரும் கணக்கில் காட்டுவதில்லை.

சாய்வுநாற்காலி:

தப்பினோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நிம்மதி என்றால் அதில் என்ன குற்றம்? கஷ்டப்பட்டுச் சொன்னால்தான் நல்லதா?

இரவுப்பணி:

ஐயா, ஒன்று கேட்கலாமா? விருப்பமில்லை என்றால் பதில் சொல்லவேண்டாம். உங்களுக்கு அப்படி ஒரு நோய் வந்தால் உங்களிடம் சொல்லவேண்டுமா, மறைக்கவேண்டுமா?

சாய்வுநாற்காலி:

சொல்லிவிட வேண்டும். என் பிள்ளைகளிடம் எப்போதோ சொல்லி வைத்துவிட்டேன்.

வழிப்போக்கன்:

ஐயா!

சாய்வுநாற்காலி:

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவர் வேறு, நான் வேறு. எனக்குக் கணக்கு வழக்கை முடித்துவைக்காமல் தூக்கம் வராது. அவர் மெல்லிய மனசுக்காரர், ஒரு காய்ச்சலுக்கே படுத்துவிடுவார். எல்லாருக்கும் ஒரே சட்டம் போடாமல் ஆளைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆந்தைக்கண்:

ஆளைப் பார்த்தீர்கள், சரி. ஆளைக் கேட்டீர்களா?

சாய்வுநாற்காலி:

எப்படிக் கேட்பது தம்பி? "உங்களுக்கு ஒரு விஷயம் வந்திருக்கிறது, சொல்லட்டுமா வேண்டாமா?" என்று கேட்டால் அதிலேயே எல்லாம் தெரிந்துவிடுமே.

இரவுப்பணி:

அதனால்தான் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும்போதே கேட்டுவிடுகிறோம், முடிவு வருவதற்கு முன்னால். "ரிசல்ட் எதுவா இருந்தாலும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, வீட்ல வேற யார்கிட்டயாவது சொல்லட்டுமா?" அந்த நேரத்தில் எங்களுக்கும் தெரியாது, அதனால் நடிக்கவேண்டியதில்லை. சிலர் யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்பார்கள். அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிடுவோம்.