மறு: ஃபிட்னஸ் டிராக்கர் – ‘உடலியக்கப் பதிவி’ பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

நடை, நாடித்துடிப்பு போன்றவற்றைக் காட்டும், உடலில் அணியும் கருவியான ஃபிட்னஸ் டிராக்கருக்குத் தமிழ்ச்சொல்லாக இவ்விழையில் இதுவரை ‘உடற்தகுதிக் கண்காணிப்பான்’, ‘நலமானி’, ‘உடற்பயிற்சிப் பட்டை’ ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. கட்டுபடியாகும் விலையில் இக்கருவியைத் தேர்ந்தெடுக்க உதவும் கையேட்டுக்காகத்தான் சொல் தேடுகிறோம். ஆகவே சொல்லின் அழகைவிட, அதைப் படித்துவிட்டு வாங்கப்போகிறவர் கருவியிடம் எதை எதிர்பார்ப்பார் என்பதையே உரைகல்லாகக் கொள்ள வேண்டும் எனக் கருதுகிறேன்.

பெயர் எதிர்பார்ப்பை எவ்வளவு தூரம் தீர்மானிக்கும் என்பதற்கு இத்துறையிலேயே சான்று உண்டு. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவிக்கு ‘மன்போ-கெய்’, அதாவது ‘பத்தாயிரம் அடி மானி’, என்று பெயரிட்டார்கள். நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று இன்றைய கருவிகள் பலவற்றில் முன்கூட்டியே பதிந்திருக்கும் இலக்கு, மருத்துவ ஆய்வின் முடிவாகப் பிறந்ததன்று. அந்தப் பெயரின் வழியே பரவியது.

‘கண்காணிப்பான்’ எனக்கு உவப்பாக இல்லை. ‘கண்காணி’ என்பதே பேச்சுவழக்கில் ‘கங்காணி’யாகித் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் கசந்துபோன சொல், அதை மணிக்கட்டில் கட்டிக்கொள்வானேன்? வேடிக்கை ஒருபுறமிருக்க, கண்காணிப்பு என்றவுடன் இடைவிடாத கவனிப்பும் எச்சரிக்கையும் மனத்தில் தோன்றும். விலை குறைந்த கருவிகள் பலவும் மின்கலம் நீடிப்பதற்காக நாடித்துடிப்பைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறையே பார்க்கின்றன.

‘நலமானி’ சுருக்கமானது, நாவுக்கு இனியது. ஆயினும் ‘மானி’ என்ற ஈற்றை வெப்பமானி, அழுத்தமானி, முடுக்கமானி என அளக்கும் கருவிகளுக்கே நாம் வழங்கிவருகிறோம். இக்கருவி உண்மையில் எதை அளக்கிறது? அதனுள் இருக்கும் முடுக்கமானி, கை மூன்று அச்சுகளிலும் அசைவதை உணர்கிறது. அவ்வசைவுகளில் நடைக்குரிய ஒழுங்கு தென்பட்டால் அதை அடிகளாக எண்ணிக்கொள்கிறது. அதனால்தான் உட்கார்ந்தபடி கைதட்டினாலும் சில அடிகள் கூடிவிடுவதும், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்தாலும் எண்ணிக்கை குறைந்து நிற்பதும் நேர்கின்றன. கருவியின் அடிப்புறத்தில் மினுங்கும் பச்சை ஒளியைக் குருதி உறிஞ்சிக்கொள்வதால், ஒவ்வொரு துடிப்பிலும் தோலடியில் குருதி பெருகும்போது திரும்பிவரும் ஒளி குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பின் வீதம் கணிக்கப்படுகிறது. பட்டை தளர்ந்திருந்தாலோ, குளிரில் தோலுக்கு வரும் குருதி குறைந்தாலோ, அவ்விடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ கணிப்பு தடுமாறும். கலோரிக் கணக்கு இதற்கும் ஒரு படி அப்பாற்பட்டது; துடிப்பு, அசைவு, நாம் உள்ளிட்ட வயது, எடை ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் ஊகமே அது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் அணியும் 7 கருவிகளைச் சோதித்தபோது, 6 கருவிகள் துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைந்த பிழையோடு காட்டின. கலோரியிலோ, இருப்பவற்றுள் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது.

இக்கருவி நலத்தை அளப்பதில்லை; உடலின் இயக்கத்தைப் பதிந்து, மற்றவற்றைக் கணிக்கிறது. ஆகவே ‘உடலியக்கப் பதிவி’ என்பதை முன்மொழிகிறேன். ‘ஒலிப்பதிவி’ ஏற்கெனவே புழங்குவதால் ஈறு புதிதன்று. ‘இயக்கப்பதிவி’ எனச் சுருக்கவும் இடமுண்டு. கையேட்டில் காலடிக்கும் துடிப்புக்கும் ‘கணிப்பு’ என்றும், கலோரிக்கும் உறக்க நிலைகளுக்கும் ‘ஊகம்’ என்றும் பிரித்து எழுதினால், மலிவான கருவியில் எதை எவ்வளவு நம்பலாம் என்பது தனி விளக்கமின்றியே வாசகருக்கு விளங்கும். ‘பட்டை’ வடிவத்தை மட்டுமே சுட்டுகிறது. மோதிரமாகவும் இடுப்பில் செருகுவதாகவும் இவை வந்துவிட்ட பின் அது நிலைக்காது.

விலைக்குறைவில் தேடுவோர் பெரிதும் ஏமாறும் இடம் ஜிபிஎஸ் என்பதால், அதற்கான சொல்லில் நாம் இன்னும் கறாராக இருக்க வேண்டும். செயற்கைக்கோள் சமிக்ஞையைத் தானே பெறும் கருவியும், சட்டைப்பையிலுள்ள திறன்பேசியிடமிருந்து இருப்பிடத்தைக் கேட்டு வாங்கும் கருவியும் விளம்பரத்தில் பலவேளை ‘ஜிபிஎஸ் வசதி’ என்ற ஒரே தொடரால் குறிக்கப்படுகின்றன. பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடப்போனால் இரண்டாம் வகை வழித்தடத்தைக் காட்டாது. தூரத்தையும் அடிகளின் எண்ணிக்கையிலிருந்து கணித்தே சொல்லும். முதலாவதை ‘உள்ளமை இடங்காட்டி’ என்றும் இரண்டாவதை ‘இரவல் இடங்காட்டி’ என்றும் வழங்கலாம். இரண்டாவதற்கு ‘இணைப்பு இடங்காட்டி’ என்று இக்குழுமத்து அம்மையார் ஒருவர் செய்த பரிந்துரை, ‘கனெக்டட் ஜிபிஎஸ்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பாகச் சரியே. ஆனால் இணைப்பு என்பது கூடுதல் வசதியைப் போல ஒலிக்கிறது, இங்கே உள்ளதோ குறை.

இதே நோக்கில் ‘நீர்புகாத’ என்பதற்கு மாற்றாக ‘நீர்தாங்கும்’ என எழுத வேண்டும். ‘50 மீட்டர்’ என்ற குறிப்பு அசைவற்ற நீரழுத்தச் சோதனையைச் சார்ந்தது. அதை அணிந்து நீந்தலாம்; ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு மூழ்கலாம் என்று அதற்குப் பொருளில்லை.

‘இரவல்’ கையேட்டு நடைக்குச் சற்று இளக்காரமாகப் படுமென்றால் ‘சார்பு இடங்காட்டி’ என்பதை ஏற்க எனக்குத் தடையில்லை. ‘பதிவி’க்கு மாற்று வைத்திருப்போர், அது மோதிர வடிவக் கருவிக்கும் பொருந்துமா என்று பார்த்து எழுதினால் நன்று.

அன்புடன்.