தக்கை சொல்லும் பெயர்

எனக்கு அப்போது ஏழு வயது. மாமா குளக்கரைக்குக் கூட்டிப்போனார். தூண்டிலை என் கையில் தரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, தக்கையை மட்டும் பார்க்கச் சொன்னார். தக்கை படபடவென்று நடுங்கியது. "ஜிலேபி" என்றார். தூக்கினால் ஜிலேபி மீன். திரும்பப் போட்டார். இந்தத் தடவை நிமிர்ந்து நின்ற தக்கை மெதுவாக மேலெழும்பித் தண்ணீரில் படுத்துக்கொண்டது. "கெண்டை." கெண்டையேதான். கலங்கிய தண்ணீர், ஒரு சாணுக்குக் கீழே எதுவும் தெரியாது. பார்க்காத மீனின் பெயரை மாமா எப்படிச் சொன்னார் என்று யோசித்து யோசித்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாற்பது வருடம் ஓடிவிட்டது. ராடு, ரீல் என்று எத்தனையோ மாற்றியாகிவிட்டது. இன்றும் தண்ணீர் ஓரம் போய் உட்காருவது அந்த விளையாட்டுக்காகத்தான். மீன் மேலே வருவதற்குள் அதன் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

அதனால்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்க ஆசை. எடை, நீளம் எல்லாம் அப்புறம். தூண்டில் நரம்பின் மறுமுனையில் ஓர் உயிர் வந்துவிட்டது என்று உங்கள் கைக்குத் தெரிந்த அந்த நொடி, எந்தத் தண்ணீரில், எந்த மீனோடு? மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள். நான் முதலில் சொல்கிறேன்.

கெண்டை ஏன் தக்கையைப் படுக்கவைக்கிறது என்பது எனக்குப் புரியவே பல வருடம் ஆனது. அதன் வாயில் பல் கிடையாது, பல் எல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது. தரையில் கிடக்கும் இரையை உறிஞ்சி, வாய்க்குள் உருட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் ஊதித் துப்பிவிடும். உறிஞ்சிக்கொண்டு தலையை நிமிர்த்தும்போது நரம்பில் கட்டிய ஈயத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. கீழே இழுத்துப் பிடித்திருந்த கனம் போனதும் தக்கை எழும்பிச் சாய்கிறது. அந்த நேரத்தில் கம்பை உயர்த்த வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் வெறும் தூண்டில் முள்தான் வரும். ஜிலேபி இப்படி நிதானமாகச் சோதிக்காது, கொத்திக் கொத்திப் பார்க்கும். கெளுத்திக்கு மீசையில் மட்டும் இல்லை, உடம்பெங்கும் சுவை தெரியும். இருட்டிலும் சேற்றிலும் ருசியைப் பிடித்துக்கொண்டே இரையைத் தேடி வந்துவிடும். வந்தபின் அதற்குச் சந்தேகமே கிடையாது, தக்கை நேராகக் கீழே போய்விடும். விலாங்கு எடுத்தால் யாரோ கைப்பிடித்து நடத்திப்போவது போலத் தக்கை ஓரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும்.

எல்லா நாளும் இது அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். காற்று, பாசி, தக்கையின் கனம், மீனின் பசி எல்லாம் சேர்ந்து கணக்கைக் கலைத்துவிடும். பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னால் அது எனக்கு நல்ல நாள்.

ஆனால் என் மனதில் ஆழமாகத் தங்கியது தக்கையே போடாமல் பிடித்த ஒரு விரால். விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நானும் ஒரு நண்பரும் பாசி மண்டிய ஏரி ஒன்றின் ஓரம், ரப்பர் தவளையை இலைகளின் மேல் எறிந்து இழுத்துக்கொண்டிருந்தோம். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு போகும்போது பெரிய குமிழி ஒன்று விடும். அந்தக் குமிழியைப் பார்த்துத்தான் எறிவோம். அன்று குமிழியைக் காணோம். அதற்குப் பதில், ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் தூறல் விழுவதுபோலச் சலசலத்தது. வானத்தில் மேகமே இல்லை. கூர்ந்து பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ நெளிகிறது.

தவளையை அதன் நடுவே எறிந்தேன். இரண்டு முறை அசைத்திருப்பேன். தண்ணீர் வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கம்பு வில்லாக வளைந்தது, ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராக் கத்தியது, மீன் பாசிக்குள் புகுந்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. முழங்கால் ஆழம் இறங்கிக் கையால் பாசியைப் பிரித்துத்தான் எடுத்தேன். அதுவரை நான் பிடித்ததிலேயே பெரியது. சந்தோஷத்தில் கை நடுங்கியது.

நண்பர் தண்ணீரைக் காட்டினார். அந்தச் செம்மஞ்சள் திட்டு அவ்வளவும் விரால் குஞ்சுகள். காற்று வாங்க ஒன்றாக மேலே வந்து போன சலசலப்பைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் கையில் வைத்திருந்தது காவலுக்கு நின்ற பெரிய மீன். பசிக்காக அது தவளையைக் கடிக்கவில்லை, குஞ்சுகளின் பக்கம் வந்ததை விரட்டப் பாய்ந்திருக்கிறது. காவல் போன அந்தச் சில நிமிடத்துக்குள் சுற்றிலுமிருந்து சின்ன மீன்கள் பாய்ந்து பாய்ந்து குஞ்சுகளைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அந்தத் திட்டில் ஒரு பொத்தல் விழுந்தது.

போட்டோகூட எடுக்கவில்லை. முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்திருந்தேன். வாலை ஒரு முறை அடித்துவிட்டுப் போனது. எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. அங்கேயே நின்றேன். குஞ்சுகளின் திட்டு சிதறி, மறுபடி கூடி, மறுபடி சிதறியது. கால்மணி நேரம் கழித்து அந்தத் திட்டுக்கு நேர் கீழேயிருந்து பெரிய குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது.

அந்தக் குமிழியைப் பார்த்த நிம்மதிதான் நான் பிடித்த எல்லா மீனையும்விடப் பெரியது. அதற்குப் பிறகு குஞ்சுகள் நெளியும் இடத்தில் நான் இரை எறிந்ததே இல்லை.

சரி, உங்களுடையதைச் சொல்லுங்கள்.

* * *

விரால் குஞ்சுகளைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. எனக்கும் அப்படி ஒரு மீன் உண்டு. அது கடலில்.

நான் அப்பாவோடுதான் போவேன். எங்கள் இருவருக்கும் கம்பு, ரீல் பழக்கம் இல்லை. கைநரம்புதான். ஆள்காட்டி விரலில் நரம்பைத் தொங்கவிட்டு, ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பது. அப்பா வீட்டில் அதிகம் பேச மாட்டார். படகில் அதைவிடக் குறைவு. ஆனால் என் விரலில் ஏதாவது தட்டும்போது நான் சொல்லாமலே திரும்பிப் பார்த்துவிடுவார். என் முகத்தில் தெரிந்துவிடுமாம்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் ஒரு நிலவில்லாத ராத்திரி. தண்ணீரைத் தொட்டால் மினுங்கும் நுண்ணுயிர்கள் அன்று கடல் நிறைய இருந்தன. துடுப்பு போட்ட இடமெல்லாம் பச்சை கலந்த நீல ஒளி. நரம்பை இறக்கினேன், ஒளிக்கோடு ஒன்று கீழே கீழே போய் மறைந்தது. மீன் கடித்து இழுத்தபோது அந்தக் கோடு இருட்டுக்குள் இடமும் வலமும் வளைந்து எழுதிக்காட்டியது. தண்ணீருக்குள் நடப்பதை விரலால் மட்டுமே அறிந்த எனக்கு அன்று ஒரு ராத்திரி மட்டும் கண்ணாலும் தெரிந்தது. மேலே வரவர மீனே ஒளியால் செய்த மீனாக வந்தது. படகுக்குள் ஏற்றியதும் சாதாரணப் பாரை. அப்பா அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தார், மறுபடி மினுங்கியது. இரண்டு பேரும் சிரித்தோம்.

உங்கள் விராலைப் போன்ற மீன் எனக்கு வேறொரு நாள் வந்தது. ஏறக்குறைய ஐம்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு சின்னச் செம்பல்லி மீனை வேகமாக இழுத்துவிட்டேன். இதைத் திருப்பி விட்டுவிடலாம் என்று பார்த்தால், அதன் வயிறு ஊதி, இரைப்பை வாய் வழியாக வெளியே தள்ளியிருந்தது. தண்ணீரில் விட்டால் மல்லாந்து மிதக்கிறது, கீழே போக முடியவில்லை. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் மேல்மட்டத்துக் காற்றழுத்தம் அளவுக்கு இன்னொரு மடங்கு அழுத்தம் கூடும். ஐம்பது மீட்டரில் மேல்மட்டத்தைப்போல ஆறு மடங்கு. அந்த அழுத்தத்தில் மீனின் உடம்புக்குள் அடங்கியிருந்த காற்றுப்பை மேலே வரும்போது விரிந்துகொண்டே வருகிறது. எனக்கு இதெல்லாம் அன்று தெரியாது. கடற்பறவை ஒன்று வந்து கொத்தும்வரை அந்த மீன் என் கண் முன்னால் மிதந்தது.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கனமான ஈயத்தோடு ஒரு கிளிப்பை இணைத்து, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி, வந்த ஆழத்துக்கே இறக்கிவிட வேண்டும். அழுத்தம் திரும்பியதும் காற்றுப்பை சுருங்கிவிடும், மீன் நீந்திப் போய்விடும். இப்போது அந்தக் கிளிப் எப்போதும் நரம்புப் பெட்டியில் இருக்கிறது. அதை இறக்கும்போது அப்பா நரம்பைத் தன் விரலில் வாங்கிக்கொள்வார். கீழே மீன் கழன்று போகும் ஒரு சின்னத் துடிப்பு வரும். "போயிடுச்சு" என்பார். அன்று முழுவதும் அவர் பேசும் ஒரே வார்த்தை சில நாள் அதுதான்.

* * *

நான் குளிர்ந்த மலை ஓடைகளில் டிரௌட் மீன் தேடிப் போகிறவன். எனக்குப் பிடித்த பயணத்தில் மூன்று நாளும் ஒரு மீன்கூட மாட்டவில்லை.

ஓடும் நீரில் டிரௌட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே பின்பக்கமாக, கீழிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். முதல் நாள் நிமிர்ந்து நடந்தேன், ஒவ்வொரு மடுவிலும் ஒரு நிழல் அம்புபோல ஓடியது. மீன் மேலே பார்க்கும்போது வெளியுலகம் அதற்கு ஒரு வட்டமான ஜன்னலுக்குள் தெரிகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த ஜன்னல் சுமார் 2.3 மீட்டர் அகலம். வட்டத்துக்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடியாகி, ஓடையின் அடித்தரையைத்தான் காட்டும். கரையில் தாழ்வாக இருப்பதெல்லாம் ஜன்னலின் விளிம்பில் நசுங்கிப்போய்த் தெரியும். இது புரிந்த பிறகு இரண்டாம் நாள் முழுவதும் மண்டியிட்டே நகர்ந்தேன். மூன்றாம் நாள் மாலை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டிரௌட் நின்றிருந்தது. அதன் முதுகில் இருந்த புள்ளிகளை எண்ண முடிந்தது. நீரிலிருந்து சிறகு முளைத்து வெளியேறும் பூச்சிகளை, ஒன்று விட்டு ஒன்று, அவசரமே இல்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

என்னால் எறிய முடியவில்லை. கையை அசைத்தால் எல்லாம் கலைந்துவிடும். வெளிச்சம் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கேள்விக்கு இது பொருந்துமா தெரியாது. நரம்பு நடுவில் இல்லாமலே மறுமுனையில் ஓர் உயிர் இருந்தது எனக்கு அந்த ஒரு மாலைதான்.

எடை இரண்டாம் பட்சம் என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எடையைப் பற்றிய ஒரு கதை எனக்குப் பிடிக்கும். ஜார்ஜ் பெர்ரி 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடித்தார், அது உலக சாதனை. 77 வருடம் கழித்து 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் வித்தியாசம் வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், இரண்டு கண்டத்தில், ஒரே மீன் பிடித்த மாதிரி இருக்கிறது எனக்கு.

* * *

ஒளி எழுதிய நரம்பையும் மண்டியிட்டு நகர்ந்த ஓடையையும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். நன்றி.

முள்ளைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். விட்டுவிடப் போகிற மீனுக்கு, முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சின்ன நாக்கை இடுக்கியால் அமுக்கி மழுக்கிவிடுகிறேன். நரம்பைத் தளர விடாமல் பிடித்தால் மீன் அவ்வளவாகத் தப்பாது, கழற்றுவது நொடியில் முடியும். கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். மீனின் மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதற்கு நோய் தொற்றாமல் காக்கும் உறை. காய்ந்த கை பட்டால் அது உரிந்து வந்துவிடும்.

ஜப்பானின் ஒக்கினாவா தீவில் சக்கிதாரி குகையில் கிடைத்த தூண்டில் முள், கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்தது, சுமார் 23,000 வருடம் பழையது. அதன் படத்தை மகளிடம் காட்டினேன். அவளுக்கு எட்டு வயது. உடனே ஒரு சிப்பியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்து, இரண்டு முறை உடைத்து, மூன்றாவதாக ஒன்றைச் செய்தும்விட்டாள். போன ஞாயிறு அதைக் கட்டித்தான் போட்டோம். மாமா எனக்குச் செய்ததுபோல நான் அவளிடம் தூண்டிலைத் தராமல் இருக்கவில்லை, எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கம்பு அவள் கையில் இருந்தது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தக்கை எழும்பியது, பாதி சாய்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நிமிர்ந்து நேராகக் கீழே போய்விட்டது. கம்பு வளைந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்தாள், பின்னால் சாய்ந்தாள், கத்தினாள். சட்டென்று எல்லாம் தளர்ந்தது. முள் பாதியில் முறிந்திருந்தது.

"கெளுத்தி" என்றாள். "முதலில் எழும்பிச் சாய்ந்ததே, பெரிய கெண்டை" என்றேன். "கடைசியில் நேராகப் போச்சேப்பா" என்றாள். வீடு வரும்வரை பேசினோம், சாப்பிடும்போதும் பேசினோம், இன்னும் முடியவில்லை. அவள் அடுத்த சிப்பியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை கொஞ்சம் தடிமனாக.