பெட்ரோலை விட்டு மின்வண்டிக்கு வந்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

ஸ்கூட்டர்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். ஷோரூமில் இருந்ததிலேயே விலை குறைந்த மின் ஸ்கூட்டரைத்தான் வாங்கினேன். சீட்டுக்கு அடியில் 12 வோல்ட், 20 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி நான்கு, ஒன்றோடு ஒன்று கோத்து 48 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் 960 வாட்-ஹவர், ஒரு யூனிட்டுக்கு (1,000 வாட்-ஹவர்) கொஞ்சம் குறைவு. 60 கிலோமீட்டர் போகும் என்றார்கள். முதல் மாதம் 35 போனது. ஆறாம் மாதம் 28. வருடம் முடிவதற்குள் 15 தாண்டினாலே, ஆக்சிலரேட்டரைத் திருகியதும் மீட்டர் முள் படுத்துவிடும்.

பாதித் தப்பு என் மேல்தான். லெட் ஆசிட்டை அடிமட்டம் வரை இறக்கக் கூடாது, இறக்கியதை அப்படியே போட்டு வைக்கவும் கூடாது. நான் இரண்டையும் செய்தேன். சார்ஜ் தீர்ந்த வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நாள் வெளியூர் போய்விட்டேன். ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டது. திரும்பி வந்து முழுக்க சார்ஜ் போட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, ஒன்று மட்டும் 10.5. அந்த ஒன்று போதும், மற்ற மூன்றையும் குழிக்குள் இழுக்க.

நான்கையும் புதிதாகப் போட்டேன். அவையும் ஒன்றரை வருடம்தான். மூன்றாம் முறை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வேறு வகை பேட்டரி போட்டேன், சார்ஜரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. 27 கிலோ இருந்த இடத்தில் இப்போது 11 கிலோ. மூன்று வருடமாக அதே பேட்டரிதான். வண்டி விலையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் இரண்டு தவணையாக பேட்டரிக்குக் கொட்டிக் கொடுத்திருக்கிறேன். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.

சைக்கிள் அக்கா:

தம்பி, நீங்க ஸ்கூட்டர் வாங்கினீங்க, நான் அதுகூட வாங்கல. வீட்ல சும்மா நின்ன பழைய சைக்கிளோட முன்சக்கரத்தைக் கழட்டிட்டு, நடுவுலயே 250 வாட் மோட்டார் (ஹப் மோட்டார்) வெச்ச சக்கரத்தை மாட்டினேன். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. நானும் கொஞ்சம் மிதிச்சா 30 கிலோமீட்டர் தாராளமா வருது. கிலோமீட்டருக்கு 12 வாட்-ஹவர்கூட ஆகல. இதைவிடச் சிக்கனமா ஒரு வாகனம் இருந்தா சொல்லுங்க, கத்துக்கறேன்.

ஆனா ஒரு தடவை நல்லா பட்டேன். மோட்டார் சக்கரத்தை முன்னாடி சுத்தும்போது, அதோட அச்சு பின்னாடி சுத்தப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்த டார்க் ஆர்ம்னு ஒரு இரும்புப் பட்டை உண்டு. கிட்டோட வரல, நானும் கேக்கல. நட்டை இறுக்கிட்டா போதும்னு நெனச்சேன். மூணாவது வாரம் ஒரு மேட்டுல முழு பவர் கொடுத்தேன். கடக்குன்னு ஒரு சத்தம், அச்சு, சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஃபோர்க்கோட பிளவை அகட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்திருச்சு. உள்ள போற வயரெல்லாம் கயிறு மாதிரி முறுக்கி அறுந்துபோச்சு. மேடுங்கறதால மெதுவாப் போனேன், முழங்கால் தேய்ஞ்சதோட போச்சு. ஃபோர்க் அலுமினியமா இருந்தா இன்னும் ஆபத்து, அது வளையாது, உடையும். இப்போ ரெண்டு பக்கமும் பட்டை போட்டிருக்கேன்.

இன்னொண்ணு, மழை. மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடற பெட்டிதான் கன்ட்ரோலர், வயர் நேரா அதுக்குள்ள இறங்கினா தண்ணியும் அது வழியாவே உள்ள போகும். வயரைக் கொஞ்சம் கீழ தொங்கவிட்டு, அப்புறம் மேல ஏத்திச் சொருகுங்க. தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். காசு செலவில்லாத வைத்தியம்.

செகண்ட் ஹேண்ட் கார்:

நான் வாங்கியது பழைய மின்கார், 24 கிலோவாட்-ஹவர். காற்றில் தானாக ஆற வேண்டிய பேட்டரி, திரவக் குளிர்விப்பு கிடையாது. புதிதில் இருந்த கொள்ளளவில் முக்கால் பங்குதான் மிச்சம் என்று தெரிந்தே வாங்கினேன். விற்பவர் சொல்வதையும் ஓடிய கிலோமீட்டரையும் மட்டும் நம்பவில்லை, ஓ.பி.டி. போர்ட்டில் (மெக்கானிக்குகள் காரின் கோளாறைப் படிக்கும் சொருகுமிடம்) ஒரு சின்னக் கருவியைச் சொருகி, செல்பேசியில் பேட்டரி ஆரோக்கியத்தைப் பார்த்த பிறகே கை கொடுத்தேன். ஒரு சார்ஜில் 95 கிலோமீட்டர் வருகிறது. என் தினசரி ஓட்டம் 40. போதும்.

சிக்கல் வந்தது நான் எதிர்பாராத இடத்தில். ஒரு நாள் காலை கதவே திறக்கவில்லை. முந்தின இரவு 70 சதவீதம் சார்ஜ் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். காரணம், உள்ளே தனியாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் ஆன் ஆவதற்கே அந்தச் சின்ன பேட்டரியின் தயவு வேண்டும். யானை கட்டியிருக்கிறது, அங்குசத்தைக் காணோம். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டு பெட்ரோல் காரிலிருந்து கேபிள் போட்டு எழுப்பினேன். அந்தக் காரின் சொந்தக்காரர் இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார்.

பிரேக் பற்றியும் சொல்ல வேண்டும். வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் ஆக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால் பிரேக் பேட் தேய்வதே இல்லை. தேயாததால் டிஸ்க் துருப்பிடிக்கிறது! எப்போதாவது, பின்னால் யாரும் வராத இடத்தில், அழுத்திப் பிரேக் பிடிக்கச் சொன்னார் மெக்கானிக்.

கருகிய பிளக்:

கார் வாங்குகிறவர்கள் வீட்டுச் சுவரையும் கொஞ்சம் பாருங்கள். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும். கார் 10 ஆம்பியரை எட்டு மணி நேரம் நிற்காமல் இழுக்கும். நான் எக்ஸ்டென்ஷன் வயரை ரீலில் சுருட்டியபடியே வைத்து சார்ஜ் போட்டேன். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. இரவு இரண்டு மணிக்குப் பிளாஸ்டிக் வாடை வந்து எழுந்தேன். பிளக் பழுப்பாகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த்.

பனிக்காரன்:

இங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். மின் சைக்கிளைக் கொட்டகையில் விட்டுக் காலையில் சார்ஜ் போட்டால் ஏறவே ஏறாது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குள் இருக்கும் ஆனோடு என்ற மின்முனையின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். அதனால் பேட்டரியின் காவல் சர்க்யூட்டே தடுத்துவிடுகிறது. வீட்டுக்குள் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் வைத்தால் ஏறுகிறது.

மறுபடி பெட்ரோல்:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் திரும்பிப் போன கதை. மின் ஸ்கூட்டர் வாங்கினேன், ஓட்ட அருமை. சத்தமில்லை, ஆயில் மாற்றும் வேலையில்லை. ஆனால் என் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது, கீழே பிளக் பாயிண்ட் வைக்கக் குடியிருப்புச் சங்கம் சம்மதிக்கவில்லை. பேட்டரியைக் கழற்றித் தினமும் மேலே தூக்கினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். சிக்கனம் என்கிறீர்களே, அப்படி எவ்வளவுதான் வித்தியாசம்?

ஸ்கூட்டர்காரன்:

கணக்கு சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. உங்கள் வண்டி லிட்டருக்கு 50 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 180 வாட்-ஹவர். என் வண்டி, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து எடுப்பது 30. பெட்ரோல் எஞ்சின் முக்கால்வாசியைச் சூடாக வெளியே விட்டுவிடுகிறது, இந்த ஆறு மடங்கு வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான். அது இருக்கட்டும், நீங்கள் தூக்கிய பேட்டரி எத்தனை கிலோ? பழைய மின் ஸ்கூட்டர் என்ன ஆச்சு?

மறுபடி பெட்ரோல்:

12 கிலோ. மழை நாளில் 20 மாதிரி இருக்கும். விற்றுவிட்டேன். வாங்கியவருக்குத் தரைத்தள வீடு, ஜன்னல் வழியாக வயர் போட்டு சார்ஜ் ஏற்றுகிறார். போன வாரம் சிக்னலில் பார்த்தேன். பச்சை விழுந்ததும் என்னை முந்திக்கொண்டு போனார்.