நெருக்கத்துக்கான ஆசையை அளக்கும்போது எங்கே சறுக்குகிறது? படக்கதை முறை அனுபவங்கள்

படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, அதில் நெருக்கம் எவ்வளவு வெளிப்படுகிறது என்று மதிப்பெண் போடுவதுதான் படக்கதை முறை. அதைச் செய்துபார்த்தவர்களின் குறிப்புகள் இவை.

கேள்வித்தாளில் “நண்பர்களோடு இருக்கப் பிடிக்கும்” என்பதற்கு 5-க்கு 5 போட்டவர், படத்தைப் பார்த்து எழுதும் கதையில் ஒருவரையும் இன்னொருவர் பக்கம் நகர்த்தியிருக்க மாட்டார். பதறி அந்தத் தாளை ஒதுக்க வேண்டாம். வாயால் சொல்லும் ஆசையும் உள்ளே ஓடும் ஆசையும் வேறு வேறு என்று உளவியலாளர்கள் மெக்லெலண்ட், கோஸ்ட்னர், வைன்பர்கர் மூவரும் 1989-லேயே எழுதிவிட்டார்கள். முன்னது யோசித்து எடுக்கும் முடிவில் தெரியும். பின்னது நாள்பட, தானாக நடப்பதில்.

செய்முறை: 4 முதல் 6 படங்கள். ஒவ்வொன்றையும் 10 விநாடி காட்டி எடுத்துவிட்டு, எழுத 5 நிமிடம். கதைதான் முதலில், கேள்வித்தாள் பிறகு. மாற்றிக் கொடுத்தால் “ஓ, நட்பைப் பற்றியா” என்று பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் கதை முழுக்கப் பாசமழைதான்.

*

மேலே எழுதின சார் சொன்னதோடு, கதைக்கு மதிப்பெண் போடுற இடத்தையும் சேர்த்துக்கணும். பெரும்பாலும் அங்கதான் குழப்பம். “இருவரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார்கள்”: பூஜ்யம். “அவள் வந்ததும் அவன் முகம் மலர்ந்தது”: ஒண்ணு. அம்மா, தம்பின்னு உறவைச் சொன்னா மட்டும் மதிப்பெண் கிடையாது. நர்ஸ் மருந்து கொடுத்தா அது அவங்க வேலை, அதுவும் பூஜ்யம்.

தமிழ்க் கதையில சிக்கல் இது: “மகனை ரயிலேற்றிவிட்டு வந்தவள் அவன் தட்டைத் தனியே கழுவி வைத்தாள்.” படிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கும், ஆனா பிரிவின் வருத்தம் எழுத்துல இல்ல. கறாரா பார்த்தா பூஜ்யம். “தட்டை எடுத்துவைக்க மனம் வரவில்லை”ன்னு இருந்தா தாராளமா ஒண்ணு. ரெண்டு பேர் தனித்தனியா மதிப்பெண் போட்டு, இந்த மாதிரி வரிகளை மட்டும் உட்கார்ந்து பேசி முடிங்க.

*

1000 சொல்லுக்கு எத்தனை மதிப்பெண் என்று கணக்கிடுபவர்கள் கவனிக்க: “வந்துகொண்டிருந்தவளிடம்” தமிழில் ஒரே சொல். அதனால் எண் உப்பித் தெரியும். ஆங்கிலக் கதைகளின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

அன்றாட வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க, உளவியலாளர்கள் மெக்ஆடம்ஸும் கான்ஸ்டான்டியனும் 1983-இல் வெளியிட்ட ஆய்வின் வழி நல்லது. 50 மாணவர்களுக்கு ஒரு வாரம், நாளுக்கு 7 தடவை பேஜர் என்ற சிறு அழைப்புக் கருவி ஒலிக்கும். அந்த நொடியில் என்ன நினைப்பு, யாரோடு இருக்கிறார் என்று எழுத வேண்டும். இன்று அந்த வேலைக்குக் கைபேசி போதும். ஒலிக்கும் நேரத்தை மட்டும் தினமும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் ஒலித்தால் மூன்றாம் நாளே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.