நாற்பது வயதுக்கு மேல் ஆங்கிலப் பேச்சு வருமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
என் அக்காவுக்கு 41 வயது. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பதினைந்து ஆண்டுகளாகப் புடவை விற்கிறார். அத்தானுக்கும் அவருக்கும் கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கிடைத்துவிட்டதால், மூன்று மாதத்தில் டொரண்டோ செல்கிறார்கள். எழுதிக் காட்டினால் புரிந்துகொள்ளும் அக்கா, யாரேனும் ஆங்கிலத்தில் பேசினால் திகைத்து நின்றுவிடுகிறார். இரவுதோறும் இலக்கணப் புத்தகத்தைப் படிக்கிறார். இனிமேல் தனக்குப் பேச்சு வருமா என்று கேட்கிறார்.

பதில் (ராயபுரத்திலிருந்து டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குச் சென்றவர்):
சகோதரி, கட்டாயம் வரும். 'லிங்க்' என்னும் மொழி வகுப்பு 1992 முதல் அங்கே மத்திய அரசின் செலவில் நடக்கிறது. உங்கள் அக்காவிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள். முதலில் தேர்வு வைத்து, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் 12 நிலைகளில் எந்த நிலையில் இருக்கிறார் என்று தனித்தனியே குறிப்பார்கள். குடியுரிமை கேட்கும்போது, 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் பேசுவதிலும் கேட்பதிலும் 4ஆம் நிலையைக் காட்ட வேண்டும். குடியுரிமை பெற்றபின் இவ்வகுப்பில் சேர இயலாது என்பதால், தள்ளிப்போட வேண்டாம். ஸ்கார்பரோவில் மளிகைக்கடை முதல் மருத்துவர் வரை தமிழிலேயே காரியம் நடந்துவிடும். அந்த வசதியில் நான் இரண்டு ஆண்டுகளை இழந்தேன்.

பதில் (பெரம்பூர், மாலை வகுப்பு ஆசிரியர்):
அக்காவின் சிக்கல் இலக்கணத்தில் இல்லை, காதில் இருக்கிறது. பை, முதுகு, மூட்டை கட்டுதல் ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களை நாம் 'பேக்' என்றே எழுதுகிறோம். மேலும், நாம் ஒவ்வோர் அசையையும் முழுதாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்திலோ ஓர் அசை அழுத்தம் பெற, மற்றவை தேய்ந்துபோகும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபி' என்றதும் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. புத்தகத்தில் நன்கு தெரிந்த சொல்லையே பேச்சில் தவறவிடுவது இதனால்தான். ஒரு நிமிட உரையாடல் ஒன்றைப் பத்து முறை கேட்டு, கூடவே சொல்லிப் பழகட்டும். அவருக்குக் கைவந்த புடவை வியாபாரத்திலிருந்தே தொடங்குங்கள். என்ன பேசுவதென்று அவர் தேட வேண்டியிருக்காது.

பதில் (வியாசர்பாடி):
எங்கள் பகுதியில் 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பலர் உண்டு. என் பாட்டி, எழுத்தே அறியாதவர், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு ரங்கூன் சந்தையில் விற்று விற்றே பர்மிய மொழி பேசக் கற்றார்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நான் வாடிக்கையாளராக அமர, அக்கா ஆங்கிலத்தில் எனக்கு ஒரு புடவை விற்றார். விலையைச் சொல்லும்போது மட்டும் தமிழுக்குத் தாவினார்.