அண்ணனுக்கு ஒரே சீட்டுல மூணு ஆன்டிசைக்காட்டிக், இது தேவையா?

திருச்சி தங்கச்சி:
அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (இல்லாத குரல் எல்லாம் கேக்குற மனநோய்), பல வருஷமா ஓபில தான் காட்டுறோம். இப்ப ரிஸ்பெரிடோன் காலை நைட்டு, ஓலன்சபைன் நைட்டு, மாசம் ஒரு ஃப்ளூபெனசின் ஊசி, இந்த மூணும் ஆன்டிசைக்காட்டிக், அதாவது இந்த நோய்க்கான மருந்து, கூட நடுக்கத்துக்கு பேசிடேன் மாத்திரை. ஒவ்வொரு தடவையும் வேற டாக்டர் இருப்பாங்க, பழசை அப்படியே எழுதி புதுசா ஒண்ணு சேர்ப்பாங்க, எதையும் எடுக்கல. குரல் கேக்குறது நல்லா கொறஞ்சிருக்கு, ஆனா நாள் முழுக்க தூக்கம், வெயிட் ஏறுது, கை நடுங்கி டீ டம்ளர் புடிச்சா சட்டை எல்லாம் சிந்துது. நாங்களே ஒண்ணை நிறுத்தி பாக்கலாமா?

நைட் டூட்டி நர்ஸ்:
தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்கமா, பேசிடேன் உட்பட. பழசை கொறச்சு புதுசை ஏத்தும்போது கொஞ்ச நாள் ரெண்டும் ஓடும், அது சரிதான், ஆனா நடுவுல ஆள் தெளிஞ்சதும் "இப்படியே இருக்கட்டும்"னு விட்டுடுறாங்க, பாதி கேஸ் இப்படி தான் ஆகுது. நடுக்கம் ரிஸ்பெரிடோன், ஊசி ரெண்டுனாலயும் வரும். அதுக்கு குடுக்குற பேசிடேன் மலச்சிக்கல், மறதின்னு இன்னொரு தொல்லை. மாத்திரை ஒழுங்கா சாப்பிடலன்னு தான் ஊசி ஆரம்பிச்சாங்களா? அப்படின்னா ஊசிக்கு மேல இத்தனை மாத்திரை எதுக்குன்னு கேளுங்க.

சைக்யாட்ரி பிஜி (மனநல மேற்படிப்பு டாக்டர்):
பொதுவா கைட்லைன் எல்லாமே ஒரு மருந்து தான் சொல்லுது. ரெண்டு மருந்தை தனித்தனியா, போதுமான டோஸ்ல, ஒவ்வொண்ணும் ஒரு 6 வாரமாவது குடுத்தும் கேக்கலன்னா அடுத்தது க்ளோசபைன்ங்கற ஆன்டிசைக்காட்டிக். அதுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பாக்கணும், அதனாலயே பலர் அதை தள்ளிப்போட்டு மூணாவது மாத்திரையை சேர்க்குறாங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். 2011ல அமெரிக்கால வந்த ஆய்வுல ரெண்டு மருந்துல இருந்த 127 வெளிநோயாளிங்க, அதுல ஒரு மருந்துக்கு மாத்தினவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் 6 மாசம் கழிச்சும் ஒண்ணுலயே இருந்தாங்க, வெயிட்டும் கொறஞ்சுது. மிச்ச பேருக்கு ஒத்து வரல, அதையும் சொல்லணும். சேர்த்து குடுக்குறதே தப்புன்னு இல்ல, க்ளோசபைனோட அரிபிப்ரசோல்ங்கற இன்னொரு ஆன்டிசைக்காட்டிக் சேர்த்தவங்க ஆஸ்பத்திரில திரும்ப அட்மிட் ஆகுறது கம்மின்னு பின்லாந்து பதிவேட்டு ஆய்வுல வந்துச்சு.

மதுரை அம்மா:
என் பையனுக்கும் இப்படி தான் இருந்துச்சு கண்ணு. பழைய சீட்டு எல்லாம் தேடி எந்த மருந்து எப்ப ஆரம்பிச்சாங்க, எதுக்குன்னு ஒரே பேப்பர்ல எழுதி குடுத்தேன், டாக்டர் பாத்துட்டு ஒண்ணை கொஞ்சம் கொஞ்சமா பல மாசத்துல எடுத்தாரு. நடுவுல தூக்கம் கெட்டு தனியா பேச ஆரம்பிச்சான், உடனே போனோம், திரும்ப கொஞ்சம் ஏத்தி அப்புறம் இன்னும் மெதுவா கொறச்சாங்க. ஒரே டாக்டர் கிட்ட காட்ட முடியுமான்னு பாரு, சுகர் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டும் கேளு.

திருச்சி தங்கச்சி:
ரொம்ப நன்றிமா, எல்லாருக்கும். ஊசி ஆரம்பிச்சது மாத்திரையை துப்பிட்டு இருந்தப்போ தான், இப்ப அம்மா கையால குடுத்தா ஒழுங்கா முழுங்குறான், இதை டாக்டர் கிட்ட யாருமே சொல்லல. அடுத்த ஓபில முதல்ல இதை தான் சொல்லப்போறேன்.